எண்ணெய் பட்ட சீட்டு

பிரமு வீடு அடுத்த வாசல் தாயி. இது இல்ல. யாரு வந்தாலும் முதல்ல இந்தக் கதவைத்தான் தட்டுவாவ, பிறகு பிரமு வீடு எதுன்னு கேப்பாவ. முப்பது வருசமா இதே கதைதான். எனக்குப் பழகிப்போச்சு.

சாரல்ல நிக்காத, உள்ள வா. கழுத்துல தொங்குத அட்டையப் பாத்ததுமே நீ படவிழா ஆளுன்னு தெரிஞ்சுபோச்சு. முப்பதாவது வருசத்துக்கு மலர் போடுதாவளாமே, பழைய கதையெல்லாம் எழுதுதாவளாமே. யாரும் வந்து சொல்லல. சுவருக்கு அந்தப் பக்கம் பேசுதது இந்தப் பக்கம் கேக்கும். படிப்புதான் எனக்கு மூணாங்கிளாஸ். காதுல ஒரு பழுதும் இல்ல.

உக்காரு. காப்பி குடி. குடிச்சிட்டு அவ வீட்டுக்குப் போ. அவ எங்கயும் ஓடிர மாட்டா.

என்னமோ சொல்ல வார. இரு, நான் ரெண்டு வார்த்தை சொல்லி முடிச்சிடுதேன், பிறகு நீ சொல்லு.

பொறாமைன்னு நினைச்சிராத. எனக்குப் பொறாமையே கிடையாது. நான் இந்த வீட்டுக்கு மூத்த மருமக, ஆவுடையம்மாள். அவ இளைய மருமக. அண்ணன் தம்பிக்குப் பாகம் பிரிச்சப்போ ஒரே வீட்ட நடுவுல சுவர் வச்சு ரெண்டாக்கினாவ. குழம்பு கொடுத்து வாங்க அடுப்படில மட்டும் ஒரு சன்னல் விட்டாவ. அந்தா தெரியுது பாரு, அதுதான். அண்ணனும் தம்பியும் போயாச்சு. சன்னலும் நாங்க ரெண்டு பேரும்தான் மிச்சம்.

இந்த வருசம் திறப்பு விழாவுல அஞ்சு முக விளக்காம். நாலு முகத்துக்குப் பெரிய மனுசங்க. அஞ்சாவது முகத்த, அந்தக் காலத்துல விருந்தாளிகள வீட்டுல வச்சுப் பாத்த பொம்பளைகள்ல ஒருத்தி ஏத்தணும்னு கமிட்டில பேசியிருக்காவ. ஒருத்தி. அது யாருன்னு எனக்குத் தெரியாதாக்கும்? நேத்தே அவ அரக்குப் பட்ட எடுத்து உள்கொடில போட்டாச்சு. சன்னல்ல எட்டிப் பாத்தா தெரியும். நான் எட்டிப் பாக்கல. தானா கண்ணுல பட்டுது.

இப்போ நீயும் வந்துட்ட, அவ கதைய எழுத. எழுது தாயி. ஆனா ஆரம்பத்துல இருந்து என்ன நடந்துதுன்னு கேட்டுட்டுப் போய் எழுது. அவ அரைகுறையாச் சொல்லுவா.

இந்த விழாவ ஆரம்பிச்சது ஞானதுரை சார். பள்ளிக்கூடத்துல டிராயிங் மாஸ்டர். பிலிம் சொசைட்டின்னு ஒண்ணு வச்சு, நாப்பது பேரு சேந்து மாசம் ஒரு வெளிநாட்டுப் படம் போட்டுப் பாப்பாவ. ஒருநாள் அவுகளுக்கு உலகத்தையே செங்கோட்டைக்குக் கூட்டிட்டு வரணும்னு ஆசை வந்துட்டு. கோடையில வெள்ளைக்காரன் இங்க தாங்க மாட்டான், சாரல் சீசன்ல வச்சா குளுகுளுன்னு இருப்பான்னு ஆனி மாசத்துல நாள் குறிச்சாவ. நல்ல யோசனைதான். ஆனா சாரல்னா குத்தாலத்துக்கு ஊரே வருமே, லாட்ஜுல ஒரு ரூம் கிடைக்குமான்னு அவுக யோசிக்கல. படம் வரையுற மூளை. பத்து நாளைக்கு முன்னால போய்க் கேட்டா, ஒரு கட்டில் கிடையாது. விருந்தாளிக்கு டிக்கெட் எல்லாம் எடுத்தாச்சு.

சாரு எங்க வீட்டுக்கு வந்து தலையில கைய வச்சுட்டு உக்காந்துட்டாவ. எங்க வீட்டுக்காரவுகளும் அந்த நாப்பது பேருல ஒருத்தர். "எம்மா ஆவுடை, விருந்தாளிய எங்க படுக்க வைக்க?" ன்னு கேட்டாவ. நான்தான் சொன்னேன், "வீட்டுல படுக்கட்டும் சார். நம்ம வீட்டுல கட்டில் இல்லியா?" ன்னு. நான்தான் தாயி சொன்னேன். இத எந்த மலர்லயும் போட மாட்டாவ. நீ எழுதிக்கோ.

முதல் வருசம் ஒம்பது படம், நாலு விருந்தாளி, நாலு வீடு. யாரு யாரு வீட்டுக்குன்னு தகராறு வந்திரப்பிடாதுன்னு சாரு ஒரு வழி பண்ணினாவ. படச்சுருள் வருமே வட்டத் தகர டப்பா, அதுல பேரை எழுதி மடிச்சுப் போட்டு, வீட்டுக்கு ஒரு சீட்டு எடுக்கணும். மூத்தவங்கிறதால டப்பாவக் குலுக்குதது நான். எடுக்கதுல மட்டும் ஒவ்வொரு வருசமும் அதிர்ஷ்டம் அவளுக்கு.

அவளுக்கு விழுந்தது போலந்து நாட்டுப் பொம்பளை டைரக்டர். ஹன்னான்னு பேரு. பிரமு பத்தாங்கிளாஸ் வரைக்கும் போனவ, "ஈட்டு, ஈட்டு"ன்னு ஊட்டாத குறையா ஊட்டினா. எனக்கு விழுந்தது யாரு தெரியுமா? படப்பெட்டிக்குக் காவலா டெல்லில இருந்து வந்தவன். ஆறு நாளும் பெட்டிய அணைச்சுக்கிட்டே தூங்கினான். பெட்டிக்குப் பக்கத்துல வாரியல் போனாக்கூட முறைப்பான். அந்த அறைய ஆறு நாள் பெருக்கல நான்.

மறு வருசம் எனக்கு வந்தது படத்துக்கு மார்க் போடுறவரு. தயிர்ச்சோறும் வாழப்பழமும் தவிர ஒண்ணும் தொடல. அவியல் வச்சேன், சொதி வச்சேன், உளுந்தஞ்சோறு பொங்கினேன். எல்லாம் சன்னல் வழியா பிரமு வீட்டுக்குப் போச்சு. ஹன்னாவுக்குப் பிறகு அவளுக்கு வந்தவரு ரெண்டு ஆளு சாப்பாடு சாப்பிடுவாரு. என் சமையல அவ விருந்தாளி புகழுதாரு, புகழ அவ வாங்கிக்கிடுதா.

மூணாவது வருசம் எனக்கு விழுந்தவரு வரவே இல்ல. விமானத்த விட்டுட்டாராம், நாளைக்கு வருவாரு, நாளைக்கு வருவாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாவ. புது விரிப்பு விரிச்சு, கூஜாவுல தண்ணி மாத்தி மாத்தி வச்சேன் ஆறு நாளும். குட்மார்னிங் சொல்லப் பழகி வச்சிருந்தேன். கடைசில பால்காரனுக்குச் சொன்னேன்.

சிரிக்காத. உனக்குச் சிரிப்பா இருக்கு.

நாலாவது வருசம்தான் என் நெஞ்சில முள்ளு தச்சது. பரமகல்யாணி டாக்கீஸ்ல ஹன்னா எடுத்த புதுப் படம் போட்டாவ. அவளுக்கு வர முடியல, படம் மட்டும் வந்திச்சு. விளக்க அணைச்சதும் முதல்ல என்ன வந்திச்சு தெரியுமா? கறுப்புல வெள்ளையா, தமிழ்ல, "பிரமு"ன்னு. பிரமு கையெழுத்தேதான். ஹன்னா ஊருக்குப் போறப்போ ஒரு தாள்ல எழுதி வாங்கிட்டுப் போயிருக்கா. இந்தப் படம் பிரமுவுக்குன்னு அர்த்தமாம். கொட்டகையே விசிலடிச்சுது. எனக்கு முன் வரிசைல இருந்த மீன்காரி ராசாத்தி திரும்பி, "எக்கா, உங்க ஓர்ப்படியா பேருலா!" ங்கா. எனக்குக் கண்ணு தெரியாதாக்கும்!

எனக்கும் என் பேரை எழுதத் தெரியும். ஆவுடையம்மாள். கொஞ்சம் நீளம். திரை கொள்ளாதுன்னு நினைச்சாவளோ என்னமோ.

அதுக்குப் பிறகு அவ ஊருக்குள்ள சினிமாக்காரி ஆயிட்டா. கோயிலுக்குப் போனா "வாங்க பிரமு"ங்கான் பூசாரி. அவளும் அலட்டிக்கிட மாட்டா, அதுதான் எனக்கு ஆத்திரம். அலட்டினாலாவது நாலு வார்த்தை கேக்கலாம்.

இனி சொல்லப் போறத மலர்ல போட்டுராத. யாருட்டயும் சொன்னதில்ல. ஒரே ஒரு ஆளுட்டச் சொல்லியிருக்கேன், அவருக்குத் தமிழ் தெரியாது.

ஏழாவது வருசம். அதுக்குள்ள விழா பெருசாயிட்டு, முப்பது படம், பதினோரு வீடு. ஜப்பான்ல இருந்து ஒரு பெரியவரு வாராரு, வயசானவரு, அவர் படம்னா உலகம் பூரா எந்திரிச்சு நின்னு கைதட்டுமாம். சாரு எங்க வீட்டு மேசைல உக்காந்துதான் சீட்டு எழுதினாவ. நான் உளுந்தவடை போட்டுட்டு நிக்கேன். ஒரு சீட்ட எழுதிட்டு, "ஆவுடை, இவரு எந்த வீட்டுக்கு வாராரோ அந்த வீட்டுக்கு இந்த வருசம் திருவிழாதான்"னாவ. எழுதி முடிச்சு, எல்லாத்தையும் டப்பாவுல போட்டு, காலைல வச்சுக் குலுக்குவோம்னு எங்க வீட்டுலயே விட்டுட்டுப் போனாவ.

அந்தச் சீட்டு எப்படி மடிச்சிருந்துச்சுன்னு நான் பாத்து வச்சிருந்தேன். எடுத்தேன். வடைச் சட்டில பெருவிரல முக்கி, சீட்டுல ஒரு அழுத்து. கை வச்சதும் பிசுபிசுன்னு தெரியணும்லா. ஒரு தடவ பத்தாதோன்னு இன்னொரு தடவ முக்கினேன். மூணு தடவ. மூடி வச்சுட்டுப் படுத்துட்டேன்.

காலைல எல்லாரும் வந்து நிக்காவ. மூடியத் திறக்கேன். பதினோரு சீட்டும் பொரிச்ச அப்பளம் மாதிரி மினுங்குது! ராத்திரி பூரா எண்ணெய் ஊறி ஒண்ணுல இருந்து ஒண்ணுக்குப் பரவிட்டு. சாரு பாத்துட்டு, "சே, டப்பாவுல மிஷின் எண்ணெய் இருந்திருக்கு, துடைக்காமக் கொண்டாந்துட்டேன்"னு அவுகளையே திட்டிக்கிட்டாவ. நான் மூடியப் போட்டுக் குலுக்கி நீட்டினேன். பிரமு ஒரு சீட்ட எடுத்து மூக்குல வச்சா. "மிஷின் எண்ணெயா சார்? உளுந்து வாசம்லா அடிக்கு!" எல்லாரும் சிரிச்சாவ. நானும் சிரிச்சேன்.

அவ கைல இருந்தது ஜப்பான்காரரு சீட்டு.

எனக்கு விழுந்தது பெத்ரோ. பிரேசில் நாடு. சாரு பேதுருன்னு கூப்பிடுவாவ, நானும் அப்படியே கூப்பிட்டேன். என்ன வேலைன்னு கேட்டா, படத்துக்குச் சத்தம் பிடிக்கிறவராம். டைரக்டரும் இல்ல, நடிகரும் இல்ல. சத்தம்! எனக்கு முகம் செத்துப்போச்சு. அத பிரமு பாத்துட்டா. அன்னைக்குச் சாயந்தரம் சன்னல்ல வந்து, "அக்கா, பெரியவர நீங்க வச்சுக்கிடுங்க, நான் உங்க ஆளப் பாத்துக்கிடுதேன். சாருட்ட நான் சொல்லுதேன்"ங்கா. எனக்கு வந்த கோவத்தப் பாரு. "நான் என்ன உன்னுட்டப் பிச்சை கேட்டேனா?" ன்னு சன்னலச் சாத்திட்டேன். சொல்லு, நான் செஞ்சதுல தப்பு உண்டா? அவ விட்டெறிஞ்சத நான் பொறுக்கணுமா?

பெரியவரு அருவில ஒரு மணிநேரம் நின்னு காய்ச்சல்ல விழுந்தாரு. இவ கசாயம் வச்சுக் கொடுத்து எழுப்பி உக்கார வச்சா. போறப்போ ஒரு விசிறி கொடுத்தாரு. மடிக்கிற விசிறி, கொக்குப் படம் போட்டது. அத அவ நடுவீட்டுல மாட்டியிருக்கா. இன்னைக்கும் இருக்கு. நீ போவும்போது பாரு.

பேதுரு என்ன செய்வாரு தெரியுமா? காலைல இருந்து ஒரு மைக்க நீட்டிக்கிட்டு என் பின்னாலயே வருவாரு. ஆட்டுக்கல்லு சத்தத்தப் பிடிப்பாரு. கிணத்து ராட்டுச் சத்தத்தப் பிடிப்பாரு. நான் பேச ஆரம்பிச்சா அப்படியே முன்னால உக்காந்துருவாரு. ஒரு வார்த்தை புரியாது மனுசனுக்கு. ஆனா இடையில எந்திரிச்சுப் போவ மாட்டாரு, கொட்டாவி விட மாட்டாரு, "சரி அத விடு"ன்னு சொல்ல மாட்டாரு. எங்க வீட்டுக்காரவுக முப்பது வருசத்துல அப்படி ஒரு நாள் கேட்டதில்ல. அதனால நானும் பேசினேன். ஆறு நாளும் பேசினேன். மனசுல கிடந்த அத்தனையும். எண்ணெய்ச் சீட்டு உட்பட.

ஒருநாள் அந்தக் காதுமாட்டிய என் காதுல வச்சுவிட்டு, மைக்கச் சுவர் பக்கம் திருப்பினாரு. எம்மா! பல்லி நடக்குதது கேக்கு. சுவருக்கு அந்தப் பக்கம் பிரமு தேங்கா துருவுதா, வளையல் சத்தம் கேக்கு. துருவிக்கிட்டே வாய்க்குள்ள பாடுதா. இருபத்தஞ்சு வருசம் பக்கத்துல இருக்கேன், அவ பாடுவான்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரியும். நல்லாத்தான் பாடுதா. அதையும் அவதான் நல்லா செய்யணும்.

அடுத்த வருசம் தபால்ல ஒரு கேசட்டு வந்திச்சு, பேதுரு அனுப்பினது. எங்க வீட்டுல டேப் கிடையாது. அவ வீட்டுல உண்டு. அவ வீட்டுல எது இல்ல? போய் உக்காந்தோம். போட்டா, என் குரல். என் குரல் அவ்வளவு கீச்சுன்னு இருக்கும்னு எனக்குத் தெரியாது. ஆட்டுக்கல்லு சத்தம், என் பேச்சு, ராட்டுச் சத்தம், என் பேச்சு. கேக்கக் கேக்க எனக்கு வேர்க்கு. வாயத் திறந்தா பிரமு, பிரமு, பிரமு. பிரமு மினுக்குதா, பிரமு நடிக்கா, பிரமுவுக்கு ஒரு வாழ்வு வந்திச்சு பாரு. அவ புருசன் தலையக் குனிஞ்சுக்கிட்டாரு. அவ இருக்காளே, விழுந்து விழுந்து சிரிக்கா. கண்ணுல தண்ணி வரச் சிரிக்கா. கொஞ்சம் கோவப்பட்டாத்தான் என்ன?

ஒரு பக்கம் முடிஞ்சுது. மறுபக்கம் திருப்பப் போனா. எனக்குப் பால் பொங்குத வாசம் வந்திச்சு. நிசமாவே வந்திச்சு. ஓடி வந்துட்டேன். அந்தக் கேசட்டத் திருப்பித் தான்னு கேக்க எனக்கு மானம் இடம் கொடுக்கல, அவளும் தரல. என் கேசட்டு அது. என் பேருக்கு வந்தது. அத இன்னைக்கும் அவ வீட்டுல போடுதா. மத்தியானம் கண்ணசந்தா சுவருக்கு அந்தப் பக்கம் என் குரலே என்னை எழுப்பிவிடும்.

இருபதாவது வருசத்தோட வீட்டுல தங்குததெல்லாம் நின்னுபோச்சு. சாரும் போய்ச் சேந்தாவ. இப்போ ஏ.சி. ரூம், தென்காசில புதுத் தியேட்டர், அட்டை, பை. நல்லா இருக்கட்டும். இப்போ எங்க ஞாபகம் வந்து, அஞ்சு முகத்துல ஒரு முகம். அதுவும் அவளுக்கு. திரைல பேரு அவளுக்கு, கொக்கு விசிறி அவளுக்கு, விளக்கும் அவளுக்கு. மூத்தவ நான். வீட்டுல படுக்கட்டும்னு சொன்னவ நான். அந்தத் தீக்குச்சிய ஒருதடவ நான் உரசினா என்ன, எரியாதா?

சரி, என் கதை முடிஞ்சுது. நீ என்னமோ சொல்ல வந்தியே, சொல்லு.

என்னது?

திருப்பிச் சொல்லு.

அவ வீட்டுக்குப் போயிட்டுத்தான் வாரியா? காலைலயே? நான் கோயிலுக்குப் போன நேரத்துலயா? அப்புறம் ஏட்டி இவ்வளவு நேரம் வாயப் பொத்திக்கிட்டு இருந்த? நான் எங்க பேச விட்டேன்னா கேக்க? நல்லா இருக்கே.

விளக்க நான் ஏத்தணும்னா? பிரமுவா சொன்னா? கமிட்டி அவளைத்தான் கேட்டாவளா, அவ மாட்டேன்னுட்டாளா? "அக்கா சொல்லித்தான் வீட்டுல தங்குததே ஆரம்பிச்சுது, அவுகதான் ஏத்தணும்"னா? அவ வாயாலயா?

கேசட்டும் போட்டுக் காட்டினாளா. நீ கேட்டியா. ஒரு பக்கமா, ரெண்டு பக்கமுமா?

ரெண்டு பக்கமும்.

அப்போ அந்த வடை எண்ணெய்... அதுவும் அதுல இருக்கா? பேதுருட்டச் சொன்னது? அத அவ கேட்டிருக்காளா?

இரு. நீ எந்திரிக்காத. சன்னலத் திறக்கேன்.

ஏ பிரமு! ஏ பிரமு!

"என்னக்கா?"

அந்தச் சீட்டுல எண்ணெய் தேச்சது நான்தான்னு உனக்குத் தெரியுமாட்டி?

"தெரியும்க்கா."

எப்போல இருந்து? கேசட்டு வந்ததுல இருந்தா?

"கேசட்டு எதுக்கு? அன்னைக்கே மோந்து பாத்தேன்லா. ஊருல யாரு வீட்டு வடைல மிளகு அவ்வளவு தூக்கலாப் போடுவாவ?"

தெரிஞ்சுமா சீட்ட மாத்தித் தாரேன்னு வந்த?

"அவ்வளவு ஆசைப்பட்டிருக்கீங்களேன்னு வந்தேன். நீங்கதான் சன்னலச் சாத்திட்டீங்க. அக்கா, கேளுங்க. அரக்குப் பட்ட உங்களுக்குத்தான் எடுத்துப் போட்டிருக்கேன். உங்க பட்டப் பூச்சி அரிச்சுட்டுன்னு சொன்னீங்கள்லா. ரவிக்கை அளவு மட்டும் பாக்கணும்."

கேட்டியா தாயி? கேட்டியா? இருபத்திமூணு வருசமா தெரிஞ்சு வச்சுக்கிட்டு, ஒரு வார்த்தை கேக்கல பாரு! சண்டைக்குக்கூட இழுக்கல! இவ்வளவு நெஞ்சழுத்தம் யாருக்கு வரும்? இப்போ விளக்க நான் ஏத்தினா, ஊரு என்ன சொல்லும்? "பிரமு விட்டுக்கொடுத்தா"ன்னு சொல்லும். அவ சேலையக் கட்டிக்கிட்டு, அவ கொடுத்த விளக்க ஏத்தணும் நான். ஏத்துதது நானு, பேரு அவளுக்கு. விட்டுக்கொடுத்த பேரையும் அவளே தட்டிக்கிட்டா!

அழல. அடுப்புப் புகை. கேஸ் அடுப்புதான், இருந்தாலும் புகை.

நீ பேனாவ எடு. எழுது. "விளக்கேத்த ஆவுடையம்மாளைக் கூப்பிட்டாவ. அவ பெரிய மனசு பண்ணி ஓர்ப்படியா பிரமுவுக்கு விட்டுக்கொடுத்துட்டா." முழுப்பேரையும் போடு. இடம் கொள்ளாட்டி அடுத்த வரில போடு.

"அக்கா, அப்படின்னா ரெண்டு பேரும் சேந்து ஏத்துவோம்."

பாத்தியா, பாத்தியா! அதத்தான் நான் சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அவ சொல்லிட்டா. இந்தச் சுவர் இருக்கதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்.

தாயி, அத அடிச்சிரு. சேந்து ஏத்தலாம்னு முதல்ல நான் சொன்னதா எழுதிக்கோ. அவ கேட்டா இல்லன்னு சொல்ல மாட்டா. அது ஒண்ணு உண்டு அவகிட்ட.

ஏ பிரமு! அந்த ரவிக்கைய இப்படி நீட்டு, பாப்போம்.